கேட்டால் மட்டும் போதாது, பதிலும் வேண்டும்

போடிநாயக்கனூரில் பொழுது விடியும் முன்பே ஜீப்புகள் போடிமெட்டு மலைப்பாதையில் ஏறத் தொடங்கிவிடுகின்றன. இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போகும் பெண்கள் அவற்றில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். தூரடியில் படர்ந்து கிடக்கும் சரங்களிலிருந்து நாள் முழுக்கக் குனிந்தும் குத்தவைத்தும் காய் எடுக்கும் வேலை அவர்களுடையது. கவாத்துக் கத்தி கையில் பட்டாலும், ஈரச் சரிவில் கால் வழுக்கினாலும், பாம்பு தீண்டினாலும் மலையிறங்கிப் போடி அரசு மருத்துவமனைக்கு வருகிறார்கள். அங்கே முடியாவிட்டால் தேனியைத் தாண்டி, க.விலக்கில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகிறார்கள்.

மணிக்கட்டின் உள்பக்கம் வெட்டுப்பட்ட ஒரு பெண் இரவுப்பணி மருத்துவர் முன்னால் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். ரத்தம் நின்றுவிட்டது. காயமும் சிறியதுதான். நான்கு தையல் போட்டு அனுப்பிவிடலாம் என்றே தோன்றும். ஆனால் அந்த இடத்தில் தோலுக்குச் சற்றுக் கீழே மீடியன் நரம்பு ஓடுகிறது. கட்டைவிரலைச் சுண்டுவிரல் நுனியோடு சேர்க்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். ஆள்காட்டி விரல் நுனியைத் தொட்டு, உணர்ச்சி தெரிகிறதா என்று கேட்க வேண்டும். இதைச் செய்யாமல் தோலை மட்டும் தைத்து அனுப்பினால், இரண்டு விரல்களுக்கிடையே காயைப் பிடித்துக் கிள்ளும் வல்லமை அந்தக் கையை விட்டுப் போய்விடலாம். ஏலத்தோட்டத்தில் அந்தக் கிள்ளலுக்குத்தான் கூலி.

இந்தச் சோதனையை மருத்துவரின் நினைவில் நிறுத்துவது எம்.பி.பி.எஸ். முதலாண்டு உடற்கூறியல். டிசெக்‌ஷன் மேசையில் அந்த நரம்பைத் தன் கையால் பிரித்தெடுத்துப் பார்த்த மாணவர் அதை மறப்பதில்லை. நண்பர்களின் தோள்களுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டுப் புத்தகப் படத்தை மனப்பாடம் செய்தவர், தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறார். யார் பார்த்தார், யார் பார்க்கவில்லை என்பது மாணவர்களுக்குத் தெரியும். அவர்களிடம் அதை உரிய நேரத்தில் யாராவது கேட்கிறோமா? கேட்டுவிட்டுப் பதில் சொல்கிறோமா?

நம் கல்லூரிகளில் பரவலாக நடப்பது வேறு. ஆண்டு முடியும் தறுவாயில் ஒரு படிவம் வரும். ஆசிரியர் நேரத்துக்கு வந்தாரா, தெளிவாகப் பேசினாரா, பாடத்தை முடித்தாரா என்று கேட்டு ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போடச் சொல்வார்கள். உயர்கல்வி நிறுவனங்களை மதிப்பிடும் ‘நாக்’ அமைப்பு 2017-லிருந்து மாணவர் திருப்தி ஆய்வைத் தன் மதிப்பீட்டில் சேர்த்துக்கொண்ட பிறகு இந்தப் படிவங்களுக்கு மவுசு கூடியிருக்கிறது. ஆனால் நிரப்பிய படிவம் எங்கே போகிறது, அதனால் என்ன மாறியது என்பதை மாணவர் அறிவதில்லை. அடுத்த பேட்சுக்கு ஏதாவது நன்மை கிடைத்தாலும், குறையைச் சொன்ன பேட்சுக்கு அது எட்டுவதில்லை. ஏலக்காய் ஸ்டோரில் காய் உலர்த்துபவர் சூட்டை இடையிடையே பார்த்துக்கொண்டே இருக்கிறார். பச்சை நிறம் போன பிறகு பார்த்துப் பயனில்லை என்பது அவருக்குத் தெரியும். பாடம் முடிந்த பிறகு கருத்துக் கேட்கும் கல்லூரிக்கு அந்த விவரம் இல்லாமல் போவது சரியல்ல.

மாணவர் சொல்லுக்கு உடற்கூறியலில் ஒரு பெரிய வரலாறு உண்டு. பதினாறாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பேராசிரியர் உயரமான இருக்கையில் அமர்ந்து பண்டைய மருத்துவர் கேலனின் நூலை வாசிப்பார். கீழே நாவிதர் உடலை அறுப்பார். மாணவர்கள் தொலைவில் நின்று பார்ப்பார்கள். பாரீசில் மாணவராக இருந்த ஆண்ட்ரியாஸ் வெசாலியசுக்கு இந்த முறையில் கடும் அதிருப்தி. பின்னர் பாதுவாவில் ஆசிரியரானதும், அவர் இருக்கையை விட்டு இறங்கிவந்து தன் கையாலேயே உடலைப் பகுத்துக் காட்டினார். 1543-ல் வெளிவந்த அவருடைய நூல் நவீன உடற்கூறியலின் தொடக்கம் ஆனது. பாடம் நடத்தும் விதத்தில் ஒரு மாணவர் கண்ட குறையிலிருந்துதான் இந்தத் துறையே மறுபிறவி எடுத்தது. அந்தத் துறையின் வகுப்பறையில் மாணவர் கருத்து வெறும் சடங்காக இருப்பது பொருந்தாது.

இன்றைய முதலாண்டு மாணவரின் சுமையையும் பார்க்க வேண்டும். இந்திய மருத்துவக் கழகம் 2018-ல் வெளியிட்டு 2019-ல் நடைமுறைக்கு வந்த திறன்வழிப் பாடத்திட்டம், உடற்கூறியலுக்கு மட்டும் 82 தலைப்புகளில் 409 திறன்களைப் பட்டியலிட்டது. அப்போதைய விதி ஒதுக்கிய 675 மணி நேரத்தில் விரிவுரைக்கு 220 மணி நேரம்தான். பெரும்பகுதி சிறுகுழுக் கற்றலுக்கும் செய்முறைக்கும் உரியது. காகிதத்தில் இது நல்ல திட்டம். சிறுகுழு உண்மையிலேயே சிறிதாக இருந்ததா, செய்முறையில் மாணவர் கத்தியைக் கையில் எடுத்தாரா என்பதை நேர அட்டவணை காட்டாது. மாணவர்தான் சொல்ல முடியும்.

மேசையைச் சுற்றி நிற்பவர்களின் எண்ணிக்கை அவர்கள் சொல்லக்கூடிய முதல் செய்தி. ஓர் உடலுக்குப் பத்து மாணவர் என்பது உடற்கூறியல் ஆசிரியர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் அளவு. நூறு மாணவர் படிக்கும் கல்லூரிக்கு ஆண்டுக்குப் பத்து உடல்கள் தேவை. 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் ஒரே நாளில் திறக்கப்பட்டன. தேனிக்குப் பக்கத்து மாவட்டங்களான திண்டுக்கல்லும் விருதுநகரும் அவற்றில் அடக்கம். கல்லூரிகள் பெருகுவது வரவேற்கத்தக்கது. அதே வேகத்தில் உடல் தானமும் ஆசிரியர் எண்ணிக்கையும் பெருகியாக வேண்டும். உடலுறுப்பு தானம் செய்வோரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடக்கும் என்று 2023 செப்டம்பரில் முதலமைச்சர் அறிவித்ததும், முதல் மரியாதை நம் சின்னமனூரைச் சேர்ந்த ஒருவருக்குக் கிடைத்தது. அப்படிப்பட்ட மண்ணில் முழு உடல் தானத்துக்கும் ஆள் திரட்ட முடியும். அதற்குக் கல்லூரி தன் தேவையை வெளியே சொல்ல வேண்டும். மேசையில் இடம் கிடைக்காத மாணவரின் குறிப்பு அந்தத் தேவைக்கு முதல் சான்று.

இரண்டாவது செய்தி மொழி. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2020-ல் சட்டமான பிறகு, தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளைகள் மருத்துவக் கல்லூரிக்குள் கூடுதலாக வருகிறார்கள். கிரேக்க, லத்தீன் பெயர்கள் ஆங்கில விரிவுரையில் மழையாகப் பொழியும்போது அவர்கள் திணறுவது இயல்பு. முதலாண்டுத் தேர்வில் தேற நான்கு வாய்ப்புகளுக்கு மேல் கிடையாது என்ற விதி அந்தத் திணறலை அச்சமாக்குகிறது. கையை உயர்த்தி ‘சார், புரியவில்லை’ என்று சொல்லக் கூசும் மாணவருக்குப் பெயரில்லாத சீட்டு ஒன்றுதான் வழி. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே உடற்கூறியலைத் தமிழில் நடத்தினார். 1872-ல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என்ற பெரிய நூலையும் கொண்டுவந்தார். ஆங்கிலத்தில் படித்தவர்கள் வேலை தேடி ஊரை விட்டுப் போவதைக் கண்டு, கிராமத்தோடு தங்கும் மருத்துவர்களை உருவாக்க அவர் எடுத்த முடிவு அது. இன்று முழுப் பாடத்தையும் தமிழில் நடத்தச் சொல்லவில்லை. கடினமான பகுதியை ஒருமுறை தமிழில் விளக்கிவிட்டு ஆங்கிலப் பெயரைச் சொல்ல எந்த ஆணையும் தேவையில்லை. மாணவருக்கு அது வேண்டியிருக்கிறது என்று ஆசிரியருக்குத் தெரிந்தால் போதும்.

மாணவரிடம் கருத்துக் கேட்கும் யோசனையை ஏற்கத் தயங்கும் ஆசிரியர்களின் வாதங்கள் அலட்சியப்படுத்தத் தக்கவை அல்ல. நேற்று வந்த மாணவருக்கு எது நல்ல பாடம் என்று எப்படித் தெரியும் என்று கேட்கிறார்கள். ஆய்வுகளும் அவர்கள் பக்கம் ஓரளவு நிற்கின்றன. பல ஆய்வுகளைத் தொகுத்து 2017-ல் வெளியான ஒரு பகுப்பாய்வு, ஆசிரியருக்கு மாணவர் போடும் மதிப்பெண்ணுக்கும் மாணவர் கற்ற அளவுக்கும் தொடர்பு இல்லை என்றது. அமெரிக்காவின் வட கரோலினாவில் நடந்து 2015-ல் அச்சான இன்னோர் ஆய்வில், இணையவழி வகுப்பு நடத்திய ஒரே ஆசிரியருக்கு ஆண் பெயரில் தோன்றியபோது கூடுதல் மதிப்பெண்ணும் பெண் பெயரில் தோன்றியபோது குறைந்த மதிப்பெண்ணும் கிடைத்தன. ஹார்வர்டில் 2019-ல் வெளியான இயற்பியல் வகுப்பு ஆய்வு இன்னும் கவனிக்கத்தக்கது. தாங்களே முயன்று கணக்கிட்ட மாணவர்கள், சொகுசாக விரிவுரை கேட்டவர்களைவிட அதிகம் கற்றார்கள். ஆனால் குறைவாகக் கற்றதாகவே உணர்ந்தார்கள்.

எனவே ஆசிரியருக்கு மதிப்பெண் போடச் சொல்வதைக் கைவிடலாம் என்பதே நம் கருத்தும். அதற்காகக் கேட்பதையே கைவிட வேண்டியதில்லை. ‘ஆசிரியர் எப்படி?’ என்பது மாணவர் தீர்ப்புச் சொல்ல வேண்டிய கேள்வி. ‘இந்த வாரம் நீ கத்தியைக் கையில் எடுத்தாயா? மீடியன் நரம்பைப் பார்த்தாயா, தொட்டாயா? எந்த இடத்தில் பாடம் கைநழுவியது? மேசையில் உன்னோடு எத்தனை பேர்?’ என்பவை சாட்சி சொல்ல வேண்டிய கேள்விகள். தீர்ப்புச் சொல்ல அனுபவம் வேண்டும். சாட்சி சொல்லக் கண்ணும் நேர்மையும் போதும்; அவை முதலாண்டு மாணவரிடம் தாராளமாக இருக்கின்றன. தீர்ப்பும் வேண்டும் என்றால், படிப்பை முடித்து ஹவுஸ் சர்ஜனாகப் பணிபுரிபவர்களைக் கேட்கலாம். வார்டில் நின்றபோது எந்த உடற்கூறியல் பாடம் கைகொடுத்தது, எது இல்லாமல் தவித்தார்கள் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

மாணவர் பக்கத்து அச்சம் இதைவிடப் பெரியது. இன்டர்னல் மதிப்பெண் போடுபவரும் வைவாவில் எதிரே உட்காருபவரும் அதே துறை ஆசிரியர்கள். கையெழுத்தைப் பார்த்து ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்களோ என்ற பயம் இருக்கும்வரை எல்லாப் படிவமும் ‘மிக நன்று’ என்றே வரும். பொய்யான பாராட்டு நல்ல ஆசிரியருக்கும் கேடு. அவருடைய உழைப்பைச் சோம்பலோடு ஒரே தட்டில் வைத்துவிடுகிறது.

ஏலமலையின் மறுபக்கம் நடந்தது நமக்கு ஒரு பாடம். இடுக்கி அரசு மருத்துவக் கல்லூரி 2014-ல் தொடங்கியது; போதிய வசதி இல்லாததால் அனுமதி நின்றுபோய், சேர்ந்திருந்த மாணவர்கள் வேறு அரசுக் கல்லூரிகளுக்கு மாற்றப்பட்டார்கள். 2022-ல்தான் 100 இடங்களுடன் மீண்டும் அனுமதி கிடைத்தது. குறை இருந்தால் அதை முதலில் அனுபவிப்பவர் மாணவர். ஆய்வுக்குழு வரும் நாளில் மட்டும் குறைகள் எண்ணப்படும் ஏற்பாட்டில், அன்றாடம் அவற்றின் நடுவே உட்காரும் மாணவரின் குரலுக்கு இடமே இல்லை.

ஆகவே தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகமும் மருத்துவக் கல்வி இயக்ககமும் சேர்ந்து ஒரு நடைமுறையை வகுக்க வேண்டும். கை, கால், மார்பு, வயிறு, தலை, கழுத்து என ஒவ்வொரு பகுதியும் முடிந்த வாரத்திலேயே மாணவரிடம் கேட்க வேண்டும். பெயரும் பதிவெண்ணும் இல்லாத அந்தக் குறிப்புகளை உடற்கூறியல் துறை திரட்டக் கூடாது. கல்லூரியின் மருத்துவக் கல்விப் பிரிவு திரட்டித் தொகுத்துத் துறையிடம் தர வேண்டும். இரண்டு வாரத்துக்குள் துறை அறிவிப்புப் பலகையில் பதில் எழுத வேண்டும்: இதை மாற்றுகிறோம், இதை இன்ன காரணத்தால் மாற்ற முடியாது, இது எங்கள் கையில் இல்லாததால் மேலே அனுப்பியிருக்கிறோம். உடல் பற்றாக்குறை, ஆசிரியர் காலியிடம், காற்றோட்டமில்லாத அறையில் ஃபார்மலின் நெடி போன்ற மூன்றாம் வகைக் குறைகளுக்கு இயக்ககமே பொறுப்பேற்றுப் பதில் தர வேண்டும். இந்தக் குறிப்புகளை வைத்து எந்த ஆசிரியரையும் இடமாற்றம் செய்வதோ பதவி உயர்வை நிறுத்துவதோ கூடாது என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். அச்சமின்றிக் கேட்கும் ஆசிரியரும் அச்சமின்றிச் சொல்லும் மாணவரும் இருந்தால்தான் இது நடக்கும்.

இதற்குப் புதிய கட்டடமோ கோடிக்கணக்கான நிதியோ வேண்டாம். க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி இதைத் தானாகவே முன்னின்று தொடங்கலாம். மலையடிவாரத்துக் கூலிக்காரக் குடும்பங்களின் உடம்பு நாளை இந்த மாணவர்களின் கையில்தான் ஒப்படைக்கப்படுகிறது என்பதால் அதற்கு உரிமையும் உண்டு, கடமையும் உண்டு. வரும் முதலாண்டு வகுப்பில் முதல் பகுதி முடிந்ததும் கேளுங்கள். கேட்டதற்குப் பதிலைப் பலகையில் எழுதுங்கள். பதில் எழுத முடியாத கேள்விகளை அரசுக்கு அனுப்புங்கள். அரசும் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது.