முகம் ஒருவருக்கு, பலன் இன்னொருவருக்கா?

ஊட்டிக்குப் பிலிமைப் பற்றி யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. 1960-ல் இங்கே அமைக்கப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற அரசாங்கத் தொழிற்சாலை, 1967-ல் உற்பத்தியைத் தொடங்கியது. ‘இந்து’ முத்திரை போட்ட கறுப்பு வெள்ளைச் சுருள் இங்கிருந்து நாடெங்கும் போயிற்று. இருட்டில் நின்று அதற்கு மருந்து பூசியவர்கள் தொழிலாளர்கள். ஆலை மூடப்பட்டுவிட்டது. படம் பிடித்தவர்களின் பெயர் நின்றது. பிலிம் செய்தவர்களின் பெயர் யாருக்குத் தெரியும்?

படத்தில் முகம் காட்டுகிறவர்களின் கதியும் இதுவே. கொழுந்து கிள்ளும் பெண் தேயிலைப் பொட்டலத்தில் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்புக்கு என்ன கூலி கொடுத்தார்கள்?

இந்தக் கேள்வியோடு கூவாகத்தைப் பாருங்கள். உளுந்தூர்ப்பேட்டைக்கு அருகே உள்ள அந்தக் கிராமத்தில், சித்திரைத் திருவிழாவுக்குத் திருநங்கைகள் ஆயிரக்கணக்கில் கூடுகிறார்கள். கூத்தாண்டவர் கோயிலில் தாலி கட்டிக்கொள்கிறார்கள். மறுநாள் தாலி அறுத்து, வளையல் உடைத்து, வெள்ளைப் புடவை உடுத்தி அழுகிறார்கள். அழகிப் போட்டியும் நடக்கிறது. அழகையும் அழுகையையும் பிடித்துப் போகக் கேமராக்கள் மொய்க்கின்றன. ஊரில் வாடகை வீடும் வேலையும் கிடைக்காமல் அவர்கள் அலையும் மற்ற நாட்களில் அந்தக் கேமராக்கள் எங்கே?

அமெரிக்காவிலும் இதே கதைதான். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில், பெற்றோர் விரட்டிய கறுப்பினப் பிள்ளைகளும் லத்தீன் இனப் பிள்ளைகளும் ‘வீடு’ என்று குழுக்கள் அமைத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு ‘தாய்’. ஆணை விரும்பும் ஆண்களும் திருநங்கைகளும் அதில் இருந்தார்கள். ‘பால்ரூம்’ என்ற இரவுக் கூட்டங்களில் ஆடை, நடை, ஆட்டத்தில் போட்டியிட்டார்கள். 1980-களில் இதைப் படம் பிடித்து ஜென்னி லிவிங்ஸ்டன் உருவாக்கிய ‘பாரிஸ் இஸ் பர்னிங்’ என்ற ஆவணப்படம் 1990-ல் வெளிவந்தது. சுமார் 40 லட்சம் டாலர் வசூல்! பங்கு கேட்டு ஆடியவர்கள் வழக்கறிஞர்களிடம் போனார்கள். கடைசியில் 13 பேருக்குப் பிரித்துக் கொடுத்தது சுமார் 55,000 டாலர்.

படம் எடுத்தவரும் ஆண்டுக்கணக்கில் உழைத்தவர்தான். வசூல் முழுவதும் அவர் கைக்குப் போகவில்லை. அந்தப் படம் இல்லாவிட்டால் அம்மக்களின் வாழ்வு வெளியுலகுக்குத் தெரிந்திராது என்பதும் மெய். ஆகவே படமே எடுக்காதே என்று நாம் சொல்லவில்லை. உழைப்பில் பங்கிருந்தால் பலனிலும் பங்கு வேண்டும் என்கிறோம். ஆலைக்கு ஒரு நியாயம், ஆட்டத்துக்கு ஒரு நியாயமா?

வேறு வழியும் உண்டு. தில்லியில் தயானிதா சிங், மோனா அகமது என்பவரை 1989 முதல் பல ஆண்டுகள் படம் எடுத்தார். 2001-ல் வந்த புத்தகத்தில் மோனா தன் கதையைத் தானே சொன்னார். மும்பையில் ரயிலில் கைநீட்டிப் பிழைத்த திருநங்கை சோயா தாமஸ் லோபோ, சேர்த்த காசில் கேமரா வாங்கினார். 2020 ஏப்ரலில், ஊரடங்கில் ஊர் போக வழியின்றிப் பாந்திராவில் திரண்ட வெளிமாநிலத் தொழிலாளர்களைப் படம் பிடித்தார். யாரை உலகம் வேடிக்கை பார்த்ததோ, அவர் நம் துயரை உலகுக்குக் காட்டினார்!

2008-ல் திருநங்கைகளுக்கு நல வாரியம் கண்ட மாநிலம் இது. 2014-ல் உச்ச நீதிமன்றமும் அவர்கள் உரிமையை ஒப்புக்கொண்டது. படத்திலும் அந்த உரிமை வேண்டும். கேட்டு எடு. வீட்டுக்குத் தெரியாமல் திருவிழாவுக்கு வந்தவரின் முகத்தை அச்சேற்றிப் பிழைப்பைக் கெடுக்காதே. ஒரு பிரதி கொடு. விற்றால் பங்கு கொடு.

நமக்கும் ஒரு கடமை உண்டு. ஆலை வாசலிலும் வயல் வரப்பிலும் திருநங்கையைக் கேலி பேசுகிறவன் நம்மில் ஒருவனாக இருந்தால், முதலில் அவன் வாயை நாம் அடக்குவோம்!