தமிழில் அது இலங்கைதான்

இலங்கைத் தபால்தலை எதையாவது எடுத்துப் பாருங்கள். நாட்டின் பெயர் மூன்று மொழிகளில் இருக்கும். சிங்களத்தில் 'ஸ்ரீ லங்கா', ஆங்கிலத்திலும் அதுவே. தமிழில் மட்டும் 'இலங்கை'. ரூபாய் நோட்டைத் திருப்பினாலும் 'இலங்கை மத்திய வங்கி' என்றுதான் தமிழில் அச்சிட்டிருக்கிறார்கள். 1978 செப்டம்பர் 7 முதல் நடப்பில் உள்ள அரசியலமைப்பின்படி, தமிழில் அந்த நாட்டின் முழுப்பெயர் 'இலங்கைச் சனநாயக சோசலிசக் குடியரசு'. இதில் ஸ்ரீ கிடையாது. கொழும்பு அரசே தமிழில் போடாத ஸ்ரீயை, தமிழ்நாட்டில் விளையாட்டுச் செய்தி எழுதுகிறவர்களும் தொலைக்காட்சியில் வாசிக்கிறவர்களும் வலியப் போய் ஒட்டிக்கொள்வது ஏன் என்று விளங்கவில்லை. ஆங்கிலச் செய்தி நிறுவனம் தருவதை அவசரத்தில் அப்படியே எடுத்துப் போடும் பழக்கம் என்பதைத் தவிர வேறு காரணம் தெரியவில்லை.

அந்தத் தீவுக்குப் பெயர்களுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. அசோகனின் பாறைக் கல்வெட்டு தம்பபண்ணி என்கிறது. கிரேக்கர்கள் அதைத் தப்ரொபேன் ஆக்கினார்கள்; நெல்லைச் சீமையில் ஓடும் தாமிரபரணியும் இதே பெயர்தான். சிங்களர் நாடு என்னும் பொருளுடைய சீகளம் ஒவ்வொரு வணிகன் வாயிலும் உருமாறி சீலதீபம், செரந்தீப், போர்த்துகீசியரின் செய்லாவ் என்று ஆகி, கடைசியில் ஆங்கிலேயரிடம் சிலோன் ஆயிற்று. இங்கே ஒரு வேடிக்கை உண்டு. 1972 மே 22 அன்று சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு குடியரசு அறிவித்தபோது, வெள்ளைக்காரன் வைத்த பெயர் என்று சொல்லித் தலைமுழுகிய சிலோனுக்குள்தான் 'சிங்களம்' ஒளிந்திருந்தது. அதற்குப் பதிலாக எடுத்துக்கொண்ட லங்கா யாருக்கும் தனிச்சொத்து அல்ல. கோதாவரிக் கழிமுகத்தில் ஆற்றுத் தீவுகளை இன்றும் லங்கா என்றே அழைக்கிறார்கள். சிறுபாணாற்றுப்படையின் தலைவன் நல்லியக்கோடன் ஆண்ட ஓய்மானாட்டிலும் ஒரு மாவிலங்கை இருந்தது. ஆகவே 1972இல் வைத்த பெயரில் லங்கா தமிழருக்கு அந்நியமான சொல் அல்ல. அரசியல் ஏறி உட்கார்ந்தது அதன் முன்னொட்டில்தான்.

"ஸ்ரீரங்கம், ஸ்ரீவில்லிபுத்தூர் என்று நம் ஊர்களுக்கே ஸ்ரீ இருக்கும்போது ஓர் எழுத்தின்மேல் இவ்வளவு கோபமா?" என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. எழுத்தின்மேல் யாருக்கும் பகை இல்லை. அது எப்படி வந்து சேர்ந்தது என்பதுதான் விஷயம். 1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு மோட்டார் வாகனங்களின் எண்பலகையில் சிங்கள எழுத்தில் ஸ்ரீ கட்டாயம் ஆயிற்று. தமிழ்ப் பகுதிகளில் தமிழரசுக் கட்சி அந்த எழுத்தை எதிர்த்து இயக்கம் நடத்தியது; பலகைகளில் தார் பூசினார்கள். தென்பகுதியில் பதிலுக்குத் தமிழ் எழுத்துப் பலகைகள் தார் பூசப்பட்டன. 1958 மே மாதத் தமிழர் எதிர்ப்புக் கலவரத்துக்கு முந்தைய மாதங்களின் கதை இது. சிறிமாவோவின் கணவர் பண்டாரநாயக்க 1951இல் தொடங்கிய கட்சியின் பெயரிலேயே 'ஸ்ரீ லங்கா' இருந்தது. 1961இல் நாட்டுப்பண்ணின் தொடக்கத்தை மாற்றியபோது அங்கும் நுழைந்தது. 1972இல் நாட்டுக்கே ஆயிற்று. அதே அரசியலமைப்புதான் பௌத்தத்துக்கு முதலிடம் தந்து, சிறுபான்மையினருக்கு ஓரளவு காப்பாக இருந்த பழைய அரசியலமைப்பின் 29ஆம் பிரிவைக் கைவிட்டது. தமிழரசுக் கட்சி அதற்கு முந்தைய ஆண்டே அரசியல் நிர்ணய சபையை விட்டு வெளியேறியிருந்தது. இந்த வரிசையை அறிந்தவர், அந்த முன்னொட்டை வெறும் மங்கலச் சொல்லாகப் பார்க்க மாட்டார்.

தமிழ் நாட்டுப்பண்ணும் ஸ்ரீயோடுதானே தொடங்குகிறது என்பார்கள். ஆம், அது சிங்களப் பாடலின் மொழிபெயர்ப்பு, மெட்டுக்குக் கட்டுப்பட்டது. 2016 சுதந்திர தினத்தில் பல பத்தாண்டுகளுக்குப் பிறகு அதை அரச விழாவில் தமிழில் பாட விட்டதே பெரிய செய்தியானது. பாட்டின் முதல் சொல் அரசியலமைப்பின் பெயரைத் திருத்திவிடாது. இன்னொரு தரப்பு உண்டு: ஈழ ஆதரவு எழுத்துகளில் வேண்டுமென்றே 'சிறீலங்கா அரசு' என்று போடுவார்கள். தீவு வேறு, சிங்களப் பேரினவாத அரசு வேறு என்று காட்டுவது நோக்கம். நோக்கம் புரிகிறது. ஆனால் அதன் விளைவு என்ன? தமிழருக்கும் உரிமையுள்ள ஓர் அரசின் தமிழ்ப் பெயரை நாமே விட்டுக்கொடுத்து, 'அது உங்களுடையது' என்று எழுதிக் கொடுப்பதாகிறது. 1987இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழி ஆக்கிய பிறகும் அதை நடைமுறையில் கேட்டுப் போராட வேண்டியிருக்கும் மக்களுக்கு இது உதவாது.

அப்படியானால் ஈழம் என்றே எழுதலாமே? பழமைக்குக் குறைவில்லாத பெயர்தான். திருப்பரங்குன்றத்துத் தமிழ்பிராமிக் கல்வெட்டில் ஈழக் குடும்பிகன் ஒருவன் வருகிறான். சங்கப் புலவர் ஒருவருக்கே ஈழத்துப் பூதன்தேவனார் என்று பெயர். சீகளத்திலிருந்து வந்த சொல் என்பாரும், தனித்தமிழ்ச் சொல் என்பாரும் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். இலுப்பூரிலிருந்து விராலிமலை வழியாகப் போனால் வரும் கொடும்பாளூருக்கு இந்தச் சொல் மிக நெருக்கமானது. அங்கே மூவர் கோயிலில் எஞ்சி நிற்கும் இரண்டு கற்றளிகளைக் கட்டிய இருக்குவேளிர் குடியில் வந்த பராந்தகன் சிறிய வேளான், பத்தாம் நூற்றாண்டில் சுந்தர சோழனுக்காகக் கடல் கடந்து படை நடத்தி அங்கேயே களத்தில் மாண்டான். அவன் ஈழத்தில் பட்டான் என்றே கல்வெட்டு சொல்கிறது. முதலாம் பராந்தகன் 'மதுரையும் ஈழமும் கொண்ட' என்று பட்டம் போட்டுக்கொண்டபோதும் முழுத் தீவும் அவன் மனத்தில் இருந்தது. பெயர் சூட்டும் ஆசை சிங்கள அரசுக்கு மட்டும் உரியதும் அல்ல: ராஜராஜன் வென்ற பகுதியை மும்முடிச் சோழமண்டலம் ஆக்கினான், பொலன்னறுவையை ஜனநாதமங்கலம் என்றார்கள். படை திரும்பியதும் அந்தப் பெயர்களும் போயின. ஈழம் நிலைத்தது. ஆனால் தனி ஈழம் கேட்ட 1976 மே 14 வட்டுக்கோட்டைத் தீர்மானத்துக்குப் பிறகு அது வடக்கு, கிழக்கைக் குறிக்கும் அரசியல் சொல்லாகச் சுருங்கிவிட்டது. இன்று கொழும்பில் நடந்த செய்திக்கு ஈழம் என்று போட்டால் வாசகர் குழம்புவார். இலக்கியத்திலும் வரலாற்றிலும் உரிமைப் போராட்டத்திலும் அதற்கு இடம் உண்டு. நாட்டின் நடப்புப் பெயராக அல்ல.

ஒரு நாடு தனக்கு வைத்துக்கொண்ட பெயரை மற்றவர் மதிக்க வேண்டும் என்பது கடைசி மறுப்பு. 1969 ஜனவரி 14 அன்றுதான் சட்டப்படி தமிழ்நாடு என்று ஆனோம். அதற்காகச் சங்கரலிங்கனார் 1956இல் உண்ணா நோன்பிருந்து உயிர்விட்டார். எனவே இந்த வாதத்தை நாம் தள்ள முடியாது. தள்ளவும் தேவையில்லை, ஏனென்றால் தமிழில் அந்த நாடு வைத்துக்கொண்ட பெயர் இலங்கை. அதை எழுதுவதே மதிப்பு. தமிழ்நாடு அரசும் 2021 ஆகஸ்டில் அகதிகள் முகாம்களின் பெயரை மாற்றியபோது 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்றுதான் வைத்தது. எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்து லேணாவிளக்கு முகாமுக்கும் அந்தப் பெயர்தான். செய்தி ஆசிரியர்களும், வர்ணனையாளர்களும், பாடநூல் எழுதுகிறவர்களும் அடுத்த முறை விசைப்பலகையில் கை வைக்கும்போது அந்த ஸ்ரீயை எடுத்துவிட்டு இலங்கை என்று எழுதுங்கள்.