குடோன் இல்லையென்றால் கணக்கும் வேண்டாமா?

"அன்றன்றைக்கு வேண்டியதை அன்றன்றைக்கே வாங்குகிறோம். குடோனே இல்லாதபோது ஸ்டாக் ரிஜிஸ்டர் எதற்கு?" பெரிய கம்பெனிகளுக்கு உதிரிபாகம் செய்து தரும் சிறு தொழிற்கூடக்காரர்கள் பலர் இப்படிக் கேட்கிறார்கள்.

சரக்கு குறைந்தால் பிழையும் குறையும் என்பது முதல் வாதம். பத்தாயிரம் போல்ட் இருக்கும் இடத்தில் நூறு குறைந்தால் யாருக்கும் தெரியாது. நானூறு மட்டுமே வைத்திருப்பவருக்கு அதே நூறு கால் பங்கு. அன்று மதியமே லைன் நிற்கும்.

கம்ப்யூட்டர் தானாகக் கழித்துக்கொள்ளும் என்பது அடுத்தது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஒரு செட்டுக்கு 4 ஸ்க்ரூ. ஒரு ஷிப்டில் 100 செட் முடிந்ததும் மென்பொருள் 400-ஐக் கழிக்கும். மரை கெட்டுக் குப்பைக்குப் போன 12 ஸ்க்ரூவை யாராவது எழுதினால்தான் அதற்குத் தெரியும். எழுதாமல் விட்டால் பத்து ஷிப்டில், திரையில் மட்டும் இருக்கும் 120 ஸ்க்ரூ சேர்ந்துவிடும். 30 செட்டுக்கான ஆர்டரே போகாது. குற்றவாளி மென்பொருளும் அல்ல, ஸ்டோர் கீப்பரும் அல்ல. ரிஜெக்ஷன் சீட்டு எழுதினால் திட்டு விழும் என்று அஞ்சவைத்த நிர்வாகம்தான்.

பெட்டி தீர்ந்ததும் அடுத்த பெட்டியைக் கேட்டு அனுப்பும் கன்பன் அட்டை பொய் சொல்லாது என்பார்கள். பாதி உண்மை. ஒரு அட்டை தொலைந்தால் ஒரு பெட்டியே சுற்றிலிருந்து போய்விடும். தவிர, வெளிநாட்டிலிருந்து வாரக்கணக்கில் வர வேண்டிய பேரிங்கைப் பதிவேட்டை நம்பித்தானே வரவழைக்கிறோம்?

டொயோட்டாவையே பார்க்கலாம். 2023 ஆகஸ்ட் 29 அன்று ஜப்பானில் அதன் 14 ஆலைகளும் நின்றன. உதிரிபாக ஆர்டரைக் கையாளும் சர்வர்களில் இடம் தீர்ந்துபோனதே காரணம். அது எண்ணிக்கைப் பிழை அல்லதான். ஆனால் வேண்டியதை வேண்டியபோது மட்டும் வரவழைக்கும் முறையைப் பிறப்பித்த நிறுவனமே எந்த அளவுக்குப் பதிவை நம்பி ஓடுகிறது என்பது அன்று தெரிந்தது.

ஆண்டுக்கு ஒருமுறை மார்ச் 31 அன்று எண்ணினால் போதாதா? ஆடிட்டருக்குப் போதும். லைனுக்கு, ஷிப்டுக்குச் சில பெட்டிகளாவது எண்ண வேண்டும். வேகமாகத் தீர்வதையும் விலை கூடியதையும் அடிக்கடி, வாஷரை எப்போதாவது. கணக்கு உதைத்தால் எண்ணை மட்டும் திருத்திவிட்டு நகராதீர்கள். எந்தச் சீட்டு எழுதப்படவில்லை என்று அன்றைக்கே தேடுங்கள்.