ரூ.16 கோடி ஊசி, ரூ.16 ஆயிரம் மருந்து! தசை நோய்க் குழந்தைகளுக்கு விடிவு பிறக்குமா?

ஒரே ஒரு ஊசி. விலை 16 கோடி ரூபாய்! 2021-ம் ஆண்டில் இந்தச் செய்தியைக் கேட்டு வாயைப் பிளக்காதவர்கள் இல்லை.

பெற்றோர் ஊரெல்லாம் கையேந்தினார்கள். முகம் தெரியாதவர்கள்கூட நூறும் இருநூறும் அனுப்பினார்கள். மத்திய அரசு வரியைத் தள்ளுபடி செய்தது. சில பிள்ளைகளுக்கு ஊசி கிடைத்தது. ஆனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஊர் கூடித் தேர் இழுக்க முடியுமா?

இப்போது நிலைமை மாறி இருக்கிறது. அதே நோய்க்கு இன்னொரு மருந்து, பாட்டில் ரூ.15 ஆயிரத்து 900-க்கு வந்துவிட்டது. எப்படி?

என்ன நோய் இது?

"எஸ்.எம்.ஏ." என்கிறார்கள் டாக்டர்கள். முதுகுத்தண்டில் இருந்து தசைகளை இயக்கும் நரம்பு செல்கள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகும் நோய். சுமார் 10 ஆயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு வருகிறது.

தாய், தகப்பன் இரண்டு பேருமே நல்லா இருப்பார்கள். ஆனால் இருவரிடமும் பழுதான மரபணு ஒன்று ஒளிந்து கிடக்கும். அது இரண்டும் ஒரே பிள்ளையிடம் போய்ச் சேர்ந்தால் நோய். அப்படிப்பட்ட தம்பதிக்கு ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. இது யார் செய்த பாவமும் இல்லை. தாயைக் குறை சொல்வதில் அர்த்தமே இல்லை.

கடுமையான வகை, 6 மாதம் முடிவதற்குள் தலைகாட்டும். சிகிச்சை இல்லாவிட்டால் பெரும்பாலான பிள்ளைகள் 2 வயதைத் தாண்டுவது இல்லை.

50 லட்சம் எத்தனை நாளைக்கு?

அபூர்வ நோய்களுக்கான தேசியக் கொள்கையை மத்திய அரசு 2021-ல் கொண்டுவந்தது. 2022-ல் உதவித்தொகையை ஒரு நோயாளிக்கு ரூ.50 லட்சம் வரை உயர்த்தியது. பெரிய தொகைதான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

"ரிஸ்டிப்லாம்" என்பது வாய்வழி மருந்து. தினமும், ஆயுசு முழுக்கக் குடிக்க வேண்டும். சுவிட்சர்லாந்து நாட்டு ரோச் கம்பெனியின் மருந்து, பாட்டில் சுமார் ரூ.6 லட்சம். 20 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு ஒரு பாட்டில் 12 நாள்தான் வரும். 50 லட்சத்துக்கு 8 பாட்டில். மூணு மாசத்தில் பணம் காலி! அப்புறம்?

கோர்ட்டில் நடந்தது

ஐதராபாத்தில் உள்ள நாட்கோ கம்பெனி, அதே மருந்தை மலிவாகத் தயாரிக்கக் கிளம்பியது. "காப்புரிமை எங்களுடையது" என்று ரோச் கம்பெனி டெல்லி ஐகோர்ட்டுக்குப் போனது. 2025 மார்ச்சில் தடை விதிக்க நீதிபதி மறுத்தார். அக்டோபரில் அப்பீலும் தள்ளுபடி. சுப்ரீம் கோர்ட்டும் அதே மாதம் தலையிட மறுத்துவிட்டது. மருந்து கடைக்கு வந்தது.

புது விலையில் அதே பிள்ளைக்கு வருஷத்துக்கு 30 பாட்டில், சுமார் ரூ.4 லட்சத்து 77 ஆயிரம். அதாவது, மூணு மாசத்தில் கரைந்த 50 லட்சம் இனி 10 வருஷத்துக்கு வரும்!

இருந்தாலும், மாசம் 40 ஆயிரம் ரூபாய்க்குக் கூலித் தொழிலாளி எங்கே போவார்? அரசு மொத்தமாக வாங்கி இலவசமாகக் கொடுத்தால்தான் இந்த விலை குறைப்பு ஏழை வீட்டுக்குள் நுழையும்.

நேரம்தான் மருந்து

பணத்தைவிடப் பெரிய பிரச்சினை ஒன்று உண்டு. செத்த நரம்பு செல் திரும்ப முளைக்காது. 16 கோடி ஊசி ஆனாலும் சரி, 16 ஆயிரம் மருந்து ஆனாலும் சரி, மிச்சம் இருப்பதைத்தான் காப்பாற்றும். ஆகவே சீக்கிரம் கண்டுபிடிப்பதுதான் பாதி வைத்தியம்.

அடையாளம் என்ன? குழந்தை துணிபோலத் துவண்டு கிடக்கும். 4, 5 மாதம் ஆகியும் தலை நிற்காது. காலை உதைக்காது. அழுகுரல் மெலிந்து இருக்கும். பால் குடிக்கும்போது புரை ஏறும். ஆனால் கண் துறுதுறு என்று இருக்கும். முகம் பார்த்துச் சிரிக்கும். அதைப் பார்த்துத்தான் பெரியவர்கள் ஏமாந்து போகிறார்கள். "சில பிள்ளைக்கு லேட்டாத்தான் தலை நிக்கும், பயப்படாதே" என்று நாளைக் கடத்திவிடுகிறார்கள். ஒரு ரத்தப் பரிசோதனையில் உண்மை தெரிந்துவிடும்.

சென்னைவாசிகள் வெளியூருக்கு ஓட வேண்டியது இல்லை. எழும்பூர் அரசு குழந்தைகள் ஆஸ்பத்திரி, அபூர்வ நோய்களுக்காக மத்திய அரசு அறிவித்த சிறப்பு மையங்களில் ஒன்று. முதல் பிள்ளைக்கு நோய் இருந்தால், அடுத்த கர்ப்பத்தில் மூன்றாம் மாதமே சோதித்து அறியவும் வழி உண்டு.

அமெரிக்காவில் எல்லா மாநிலங்களிலும், பிறந்த குழந்தையின் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து இந்த நோயைச் சோதிக்கிறார்கள். நோய் தலைகாட்டும் முன்பே மருந்து தொடங்கிய பிள்ளைகள் பலர் எழுந்து நடக்கிறார்கள்.

மருந்து விலை இறங்கிவிட்டது. இனி "பணம் இல்லை" என்று அரசு கைவிரிக்க முடியாது. பிரசவ ஆஸ்பத்திரிகளில் அந்த ஒரு சொட்டு ரத்தச் சோதனை எப்போது தொடங்கும்? பதில் சொல்ல வேண்டியவர்கள் சொல்லட்டும்!