இதய ஸ்டென்டுக்கு விலை வரம்பு, மூளை ஸ்டென்டுக்கு?

2017 பிப்ரவரியில் இதய ஸ்டென்டுகளுக்கு ஒன்றிய அரசின் விலை நிர்ணய ஆணையம் உச்சவரம்பு வைத்தது. மருந்து பூசிய ஸ்டென்டுக்கு, வரி நீங்கலாக, 29,600 ரூபாய். அந்த வரம்பு இதயத்தோடு நின்றுவிட்டது, மூளைக்கு ஏறவில்லை.

மூளையின் இரத்தக்குழாய்ச் சுவர் ஓரிடத்தில் மெலிந்து பலூன்போல வீங்குவதுதான் அனியூரிசம். வெடித்தால், பலர் மருத்துவமனைக்கு வந்துசேர்வதற்குள்ளேயே இறந்துவிடுகிறார்கள். மண்டையைத் திறந்து கிளிப் போடுவதும், வீக்கத்துக்குள் காயில் நிரப்புவதும் பழைய வழிகள். வாய் அகன்ற பெரிய வீக்கங்களுக்கு அவை எளிதில் சரிப்படாது. அதற்காக வந்தது ஃப்ளோ டைவர்ட்டர். மெல்லிய உலோகக் கம்பிகளை நெருக்கமாகப் பின்னிய குழாய் இது. தொடை இரத்தக்குழாய் வழியாகக் கொண்டுபோய், வீக்கத்தின் வாயை மறைத்து விரிப்பார்கள். இரத்தம் நேர்வழியில் ஓடும். வீக்கத்துக்குள் தேங்கியது மெல்ல உறைந்து, மாதங்களில் மூடிக்கொள்ளும். 2011-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பைப்லைன் கருவியின் ஆய்வில், ஓராண்டு கழித்துப் படம் எடுத்தவர்களில் சுமார் 87 விழுக்காட்டினருக்கு வீக்கம் முழுதாக மூடியிருந்தது. நல்ல கருவிதான். அதோடு நமக்குச் சண்டையில்லை.

இறக்குமதிக் கருவி ஒன்றின் விலையே பல லட்சம். அதைவிடப் பெரிய சிக்கல், இது பெரும்பாலும் வெடிக்காத வீக்கத்துக்கான சிகிச்சை என்பது. ஸ்டென்டில் இரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரினும் குளோபிடோகிரலும் தரவேண்டும். வெடித்த மூளையில் அவை கசிவைக் கூட்டும் என்பதால் மருத்துவர்கள் தயங்குவார்கள். வெடிக்குமுன் யாருக்குத் தெரியவருகிறது? வேறு எதற்கோ எம்ஆர்ஐ எடுத்தவருக்கு. நம் சேரிகளில் தலைவலிக்கு மருந்துக்கடை மாத்திரைதான். இந்த நோய் பெண்களிடம் கூடுதல். இரத்த அழுத்தமும் இதை வளர்க்கும். விடியுமுன் தெரு கூட்டப் போகும் நம் அக்காக்களுக்கு அழுத்தம் பார்த்து எத்தனை நாளாயிற்று?

வைத்த பிறகும் மாதக்கணக்கில் மாத்திரை தவறக்கூடாது. தவறினால் ஸ்டென்ட் அடைத்துப் பக்கவாதம் வரலாம். “இவங்க ஒழுங்கா மாத்திரை போடமாட்டாங்க” என்ற பேச்சை வார்டுகளில் நாம் கேட்டிருக்கிறோம். ஒப்பந்தக் கூலிக்கு ஒருநாள் விடுப்பு எடுத்தால் சம்பளம் இல்லை என்பதை அங்கே யாரும் பேசுவதில்லை. சாதி வார்டுக்குள் வெள்ளைக் கோட்டு போட்டுத்தான் வருகிறது.

திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் நிட்டினால் உலோகத்தில் உள்நாட்டு ஃப்ளோ டைவர்ட்டரை உருவாக்கியதாக 2020-இல் அறிவிக்கப்பட்டது. பொதுப்பணத்தில் பிறந்த கருவி அரசு மருத்துவமனைக்குத்தான் முதலில் வரவேண்டும். அதோடு விலை வரம்பும் வரவேண்டும்.

மாணவத் தோழர்களே, உங்கள் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரியில் சென்ற ஆண்டு எத்தனை பேருக்கு இது வைக்கப்பட்டது, காப்பீட்டுத் திட்டம் கருவியின் முழு விலையையும் கொடுத்ததா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். மனுக் கட்டணம் 10 ரூபாய்தான்.