வாளும் அதற்குக் கைதட்டும் நாங்களும்



யாழ்ப்பாணத்தில் வாள்வெட்டு என்றால் இப்போது யாரும் திடுக்கிடுவதில்லை. ஆவா குழு என்ற பெயரைப் பத்து வருடத்துக்கு மேலாகக் கேட்கிறோம். கைது, விளக்கமறியல், பிணை. பிறகு இன்னொரு ஒழுங்கையில் இன்னொரு வீட்டு யன்னல் கண்ணாடி. "காவாலியள்" என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டு எங்கள் வேலையைப் பார்க்கப் போகிறோம்.

ஆனால் வகுப்பில் நாங்கள் காணும் பெடியன் வேறு. தனியே கூப்பிட்டுக் கதைத்தால் தலை குனிந்து, "இனிச் செய்யமாட்டன் சேர்" என்பான். அது பொய்யுமில்லை. பின்னேரம் சந்தியில் நாலு கூட்டாளிமாரோடு நிற்கும்போதுதான் அவன் இன்னொரு ஆள்.

2005இல் அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு செய்தார்கள். கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு. 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள் தனியே ஓட்டியபோது எடுத்த ஆபத்தைவிட, நண்பர்கள் பக்கத்தில் இருந்தபோது ஏறக்குறைய இரண்டு மடங்கு எடுத்தார்கள். 24 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் அந்த வித்தியாசம் இல்லை. (பிக் மட்ச் காலத்தில் ரவுணுக்குள் நின்று பார்த்தவர்களுக்கு இந்த ஆய்வே தேவையில்லை.)

இப்போது பார்க்கிறவர்கள் நாலு பேரல்ல, போனுக்குள் நாலாயிரம் பேர். வாளால் பிறந்தநாள் கேக் வெட்டும் வீடியோவைக் "கெத்து" என்று பகிர்வது பெடியள் மட்டுமா? லைசன்ஸ் எடுக்கும் வயதே வராத மருமகனுக்கு மோட்டார் சைக்கிள் வாங்க வெளிநாட்டிலிருந்து காசு அனுப்புவது யார்?

பொலிஸ் பார்த்துக்கொள்ளட்டும் என்கிறோம். 2016 ஒக்டோபரில் கொக்குவில் குளப்பிட்டியில் இரவு மோட்டார் சைக்கிளில் போன இரண்டு பல்கலைக்கழக மாணவர்கள் உயிரிழந்தார்கள். முதலில் விபத்து என்றார்கள். பிறகு துப்பாக்கிச் சூடு என்று தெரியவந்து, ஐந்து பொலிஸார் கைதானார்கள். அந்தப் பிள்ளைகள் எந்தக் குழுவும் இல்லை. இரவில் ஓடுகிறவனெல்லாம் வாள்காரன் என்று நினைக்கும் ஊரில் எந்தத் தாய்க்கு நித்திரை வரும்?

பெடியளுக்குத் தெரியாத ஒன்றையும் சொல்லவேண்டும். "நான் வெட்டேல்லை, பின்னுக்கு இருந்து போனனான்" என்பது காப்பாற்றாது. ஐந்து பேரோ அதற்கு மேலோ சட்டவிரோதமாகக் கூடி, அந்த நோக்கத்துக்காக ஒருவன் செய்த குற்றத்துக்கு மற்றவர்களும் பொறுப்பு என்கிறது தண்டனைச் சட்டக்கோவையின் 146ஆம் பிரிவு. நாளைக்கு வெளிநாடு போக பொலிஸ் ரிப்போர்ட் கேட்கும்போதுதான் வீட்டுக்கு இது விளங்கும்.

பாடசாலைகளும் கவனிக்கவேண்டும். சண்டை பிடித்தவனுக்கு விடுகைப்பத்திரம் கொடுத்து அனுப்பினால் வகுப்பு அமைதியாகும், உண்மைதான். ஆனால் பின்னேரம் மட்டும் சந்தியில் நின்றவன் அடுத்த நாளிலிருந்து காலையிலேயே அங்கே நிற்பான். அவனுக்கு வேலை கொடுக்க ஆட்கள் ஏற்கனவே அங்கே நிற்கிறார்கள்.

பள்ளிவாசல் நிர்வாகங்களிடமும் சனசமூக நிலையங்களிடமும் எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான். மைதானங்களில் இரவு எட்டு மணிவரை லைட் எரியட்டும். பெரியவர்கள் இரண்டு பேர் கதிரை போட்டு அங்கே இருந்தால் போதும், புத்திமதி சொல்லத் தேவையில்லை. ஆட்கள் வந்தால் முறைபோட்டு இருக்க ஆசிரியர்களாகிய நாங்கள் தயார்.