தொண்டும் தும்புத்தடியும்

தொண்டு என்னுஞ் சொல்லுக்குத் தமிழில் நீண்ட வரலாறுண்டு. சேக்கிழார் பாடிய காப்பியத்தின் பெயரே திருத்தொண்டர் புராணம். உழவாரப்படை ஏந்திய நாவுக்கரசர் அதில் வருகிறார். அவர் பெயரால் திங்களூரிலே தண்ணீர்ப்பந்தர் வைத்த அப்பூதியடிகள் வருகிறார். பேரிகைக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் கொடுத்துவிட்டுக் கோயில் வாயிலுக்குப் புறத்தே நின்ற நந்தனாரும் வருகிறார். முதலிருவரைப் பற்றி மேடைதோறும் முழங்கும் நம்மவர் மூன்றாமவரை மட்டும் விரைந்து கடந்துவிடுகின்றனர். கொடுத்த தோல் உள்ளே போயிற்று. கொடுத்தவன் வெளியே நின்றான்.

இதனை இங்கு நினைவூட்டக் காரணமுண்டு. பதின்மூன்று முதற் பத்தொன்பது வயது வரையுள்ள நம் பிள்ளைகளுக்குத் தொண்டின் பெயரால் நாம் எதனைக் கொடுக்கிறோம்? ஆண்டுக்கு ஒருநாட் சிரமதானம், ஒரு பதாகை, ஒரு புகைப்படம், ஈற்றில் ஒரு சான்றிதழ். அந்த ஒருநாளிலும் தும்புத்தடி யார் கைக்குப் போகின்றது, புகைப்படத்தின் முன்வரிசையில் யார் நிற்கின்றனர் என்பதைக் கூர்ந்து நோக்கியோர் அறிவர். கூலித்தொழிலாளியின் மகன் மலசலகூடம் கழுவிக்கொண்டிருப்பான். உத்தியோகத்தரின் மகன் ரியூசனுக்கு நேரமாயிற்றென்று விடைபெறுவான். சான்றிதழ் மட்டும் அவனுக்குத் தவறாமற் கிடைக்கும். இதனைத் தொண்டென்று சொல்ல நாக் கூசுகிறது. பழைய குடிமைத் தொழிலுக்குப் புதுப் பெயர் சூட்டியிருக்கிறோம், அவ்வளவே.

சிரமதானம் இந்நாட்டில் இவ்வாறு தொடங்கவில்லை. 1958இல் கொழும்பு நாலந்தாக் கல்லூரி ஆசிரியரான ஏ. ரி. ஆரியரத்தின தம் மாணவரைக் கனத்தொலுவ என்னுங் கிராமத்துக்கு அழைத்துச் சென்றார். சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்ட மக்களின் ஊர் அது. நகரத்துப் பிள்ளைகள் அவர்களோடு தங்கி, அவர்களோடு உழைத்தனர். அதற்கும் முன்னரே, 1924இல், மாணவர் காங்கிரசாகத் தோன்றிய யாழ்ப்பாண வாலிப காங்கிரஸ் தீண்டாமைக்கு எதிராகக் குரல் எழுப்பிற்று. அந்த மரபின் வாரிசுகளுக்கு நாம் விட்டுவைத்திருப்பது பதாகை மாத்திரமே.

“படிக்கிற பிள்ளையை ஏன் கெடுக்கிறீர்கள்?” என்று பெற்றார் கேட்கின்றனர். படிப்பென்று அவர்கள் எதனைக் கருதுகின்றனர்? 2017இல் இலங்கையில் 186,000க்கு மேற்பட்டோர் டெங்குக் காய்ச்சலுக்கு ஆளாயினர் என்று பதிவாயிற்று. நுளம்பின் வாழ்க்கை வட்டத்தைப் பரீட்சைக்காக மனனஞ் செய்யும் மாணவனின் வீட்டுக் கோடியிலே, மழைநீர் தேங்கிய சிரட்டையிற் குடம்பிகள் நெளிகின்றன. முட்டை நுளம்பாகிப் பறக்க ஏறக்குறைய ஏழு முதற் பத்து நாட்கள் போதும். அவ்வாறாயின் ஆண்டுக்கொருமுறை செய்யும் சிரமதானத்தால் யாது பயன்? பத்துப் பிள்ளைகள் வாரந்தோறும் ஓர் ஒழுங்கையில் வீடுவீடாகச் சென்று சிரட்டை, பழைய ரயர், தயிர்ச்சட்டி, பூச்சாடித் தட்டு என நீர் தேங்குவனவற்றைக் கவிழ்த்து வந்தால் நோயும் குறையும். புத்தகத்திற் படித்ததும் கண்ணிற்படும்.

வேறொன்றும் நிகழும். இதுவரை தாண்டாத படலையை அப்பிள்ளைகள் தாண்ட வேண்டிவரும். அங்கே தாகத்துக்குத் தண்ணீர் வாங்கிக் குடிக்கவும் நேரும். பெற்றாரிற் சிலர் உண்மையில் அஞ்சுவது இதற்கே. பரீட்சை ஒரு சாட்டு.

வேலைக்குப் பஞ்சமில்லை. சனசமூக நிலையங்களிற் பல அன்றாடப் பத்திரிகைக்கு அப்பால் ஒன்றுமின்றிக் கிடக்கின்றன; கண்பார்வை மங்கிய முதியோருக்கு அப்பத்திரிகையை வாசித்துக் காட்டலாம். 1981இல் யாழ்ப்பாண நூலகத்தோடு எரிந்தவற்றை நினைந்து அழுவோர், 2005இல் தன்னார்வலர் தொடங்கிய ‘நூலகம்’ மின்னூலகத்துக்காக வீட்டுப் பெட்டகத்திற் கிடக்கும் பழைய சஞ்சிகைகளைத் தேடித் தரும்படி பிள்ளைகளை ஏவலாமே! கைத்தொலைபேசியைத் திட்டுவதிலும் இது நன்று.

ஆனால், பிரதேச சபை கூலி கொடுத்துச் செய்விக்க வேண்டிய வேலையைப் பிள்ளைகளின் தலையிற் கட்டலாகாது. அது தொழிலாளியின் வயிற்றில் அடிப்பதாகும். சான்றிதழையும் ஒழித்துவிடலாம், அது இல்லையேல் வராதவர் வராதிருக்கட்டும்.

பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் அடுத்த கூட்டத்துக்குச் செல்லும் பெற்றாரிடம் நாம் கேட்பது இதுதான்: மலசலகூடம் கழுவும் முறைப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். அதில் மாணவத் தலைவரின் பெயர் எத்தனை தடவை வருகின்றது, ஆசிரியர்களாகிய எமது பிள்ளைகளின் பெயர் எத்தனை தடவை வருகின்றது என்று எண்ணிப் பாருங்கள்.